தாழ்ப்பாள் கேட்ட பிள்ளை

சிறுமிகள் சொல்வதைக் கேட்பது என்றால், அவர்கள் சொன்ன சின்ன விஷயத்தை முதலில் செய்து கொடுப்பதுதான் என்று நான் நினைக்கிறேன். அது நடந்தால்தான் அடுத்ததைச் சொல்கிறார்கள்.

மேலூர்ப் பக்கம் எங்கள் ஊரில் இல்லம் தேடிக் கல்வித் தன்னார்வலராக இருந்தேன். கொரோனாவில் பள்ளி மூடிக் கிடந்து விட்டுப்போன படிப்பை ஈடுகட்ட 2021-ல் அரசு கொண்டுவந்த திட்டம் அது. எங்கள் வீட்டுத் திண்ணையில்தான் சாயங்கால வகுப்பு. முடிந்ததும் பையன்கள் ஒரே ஓட்டமாக ஓடிவிடுவார்கள். பெண் பிள்ளைகள் பாய் சுருட்ட, போர்டு துடைக்க என்று நிற்பார்கள். பேச்செல்லாம் அப்போதுதான் வரும். எதிரே உட்கார வைத்து "என்னம்மா விஷயம்?" என்று கேட்டால் "ஒண்ணுமில்லக்கா" என்பதோடு சரி.

ஆறாம் வகுப்புப் பிள்ளை ஒருத்திக்கு அடிக்கடி நீர்க்கடுப்பு. காலையில் கொண்டுபோன தண்ணீர் பாட்டில் சாயங்காலம் அப்படியே திரும்பி வரும். தண்ணி குடி, தண்ணி குடி என்று அம்மா திட்டாத நாள் இல்லை. ஒருநாள் பாயை உதறிக்கொண்டே சொன்னாள்: "பள்ளிக்கூடத்துக் கக்கூஸ்ல தாழ்ப்பா இல்லக்கா. ஒருத்தி உள்ள போனா இன்னொருத்தி வெளிய கதவைப் புடிச்சுக்கிட்டு நிக்கணும். எனக்குப் புடிக்க ஆளு வரமாட்டாங்க. அதான் குடிக்கிறதில்ல."

அவள் அம்மா பள்ளி மேலாண்மைக் குழுவில் உறுப்பினர். கட்டாயக் கல்விச் சட்டப்படி அந்தக் குழுவில் பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும். அடுத்த கூட்டத்தில் எழுந்து கேட்டார். தாழ்ப்பாள் வந்தது. ஆனால் பெரிய ஆட்கள் கைக்கு எட்டும் உயரத்தில் அடித்துவிட்டார்கள், பிள்ளைகளுக்கு எட்டவில்லை. அதையும் அவள்தான் வந்து சொன்னாள். கழற்றிக் கீழே இறக்கி அடித்தார்கள்.

அதற்கப்புறம்தான் எட்டாம் வகுப்புப் பிள்ளை வாயைத் திறந்தாள். அடுத்த வருடம் அவள் பக்கத்து ஊர் உயர்நிலைப் பள்ளிக்குப் போக வேண்டும். பஸ்ஸை விட்டு இறங்கிக் கண்மாய்க்கரை வழியாகத்தான் வரணும். "அந்த வளைவுல லைட் எரியாதுக்கா. அங்கிட்டு உக்காந்து குடிப்பாங்க." எந்தக் கம்பத்தில் எரியவில்லை என்று நம்பரைக்கூட நோட்டில் குறித்து வைத்திருந்தாள்.

வீட்டில் சொல்லியிருந்தால் என்ன நடந்திருக்கும் என்று அவளுக்குத் தெரியும்: படிச்சது போதும், வீட்டில் இரு. என்னை அடித்துப் போட்டது இதுதான். நாம் யோசிக்கிற பாதுகாப்பெல்லாம் பிள்ளையை உள்ளே இழுப்பதாகவே இருக்கிறது. அவள் கேட்டது ஒரு பல்பு.

கிராம சபை வருடத்துக்கு ஆறு முறை கூடுகிறது. ஆகஸ்ட் 15 கூட்டத்தில் பெண்கள் சேர்ந்து, அந்தக் கம்ப நம்பரோடு மனு கொடுத்தோம். நம்பர் இருந்ததால் தட்டிக்கழிக்க முடியவில்லை. லைட் எரிகிறது, அவளும் படிக்கப் போகிறாள்.

சித்திரைத் திருவிழாவுக்கு மதுரை போயிருந்தபோது இன்னொன்று. தங்கை கல்யாணத்துக்கு வந்த அழகர், கல்யாணம் முடிந்துவிட்டது என்று கேள்விப்பட்டு வைகையோடு திரும்பிய கதையைச் சொல்லிக்கொண்டிருந்தேன். என் நாத்தனார் மகள் கேட்டாள், "அண்ணன் வர்ற வரைக்கும் இருக்கலாமான்னு மீனாட்சிகிட்ட யாருமே கேக்கலையா அத்தை?" எத்தனை வருடமாகச் சொல்கிற கதை! மீனாட்சி பக்கம் நின்று யோசித்தவள் அவள்தான்.

கடைசியாக ஒன்று, இது கொஞ்சம் கனமான விஷயம். உங்களை நம்பி ஒரு பிள்ளை தவறான தொடுதலைப் பற்றிச் சொன்னால், "யார்கிட்டயும் சொல்லமாட்டேன்" என்று சத்தியம் செய்யாதீர்கள். பிள்ளைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டப்படி, விஷயம் தெரிந்தவர் புகார் சொல்லியே ஆக வேண்டும். குழந்தைகள் உதவி எண் 1098-க்கு எந்நேரமும் கூப்பிடலாம், காசு கிடையாது. திரும்பத் திரும்பச் சொல்லச் சொல்லி அவளைத் துருவ வேண்டாம். வாக்குமூலத்தை அவள் வீட்டிலோ அவள் விரும்பும் இடத்திலோ வைத்து, கூடுமானவரை பெண் எஸ்.ஐ.தான் வாங்க வேண்டும். அப்போது காக்கிச் சட்டை போடக்கூடாது. அவள் பெயரும் படமும் வெளியே வரக்கூடாது. இதையெல்லாம் பிள்ளையிடமும் சொல்லுங்கள். ஸ்டேஷனுக்கு இழுத்துப் போவார்கள், ஊரெல்லாம் தெரிந்துவிடும் என்ற பயத்தில்தான் பல பிள்ளைகள் வாயை மூடிக்கொண்டிருக்கிறார்கள்.