புதுப்பிப்பு: பழைய டிராக்டரின் லோடர் இப்போது நிற்பதில்லை

கிளட்சை மிதித்தால், எண்ணெய் அழுத்தத்தில் சுமை தூக்கும் ஹைட்ராலிக் அப்படியே நின்றுவிடுகிறது என்று போன முறை புலம்பியிருந்தேன். அது கோளாறு இல்லை. என் ஃபெர்குசன் டிஇ20 டிராக்டரில் ஹைட்ராலிக் பம்ப், பின்னால் மாட்டும் கருவிகளைச் சுழற்றும் பிடிஓ தண்டிலிருந்து ஓடுகிறது. கிளட்சை மிதித்தால் அதுவும் நிற்கத்தான் செய்யும்.

எனவே பழைய பம்பைத் தொடவில்லை. முன்பக்க லோடருக்காக இன்ஜினிலிருந்து நேராக ஓடும் தனி கியர் பம்ப், தனி எண்ணெய்த் தொட்டி, அழுத்தம் மிஞ்சினால் எண்ணெயைத் திருப்பிவிடும் ரிலீஃப் வால்வு வைத்தேன்.

முதல் நாள் சிலிண்டர் நடுங்கியது, பம்ப் ஊளையிட்டது. தொட்டியைத் திறந்தால் எண்ணெய் பால் மாதிரி நுரைத்துக் கிடந்தது. ஆனால் வெளியே ஒரு சொட்டுக் கசிவு இல்லை, அங்கேதான் ஏமாந்தேன். உறிஞ்சும் குழாயில் ஓட்டை இருந்தால், ஓடும்போது எண்ணெய் வெளியே வராது, காற்றுதான் உள்ளே போகும். இணைப்புகளில் ஒவ்வொன்றாக கிரீஸ் தடவிப் பார்த்தேன். ஒரு கிளாம்பில் தடவியதும் சத்தம் சட்டென்று அடங்கியது! கிளாம்பை மாற்றி, எண்ணெய் மட்டத்துக்கு மேலே கொட்டிக்கொண்டிருந்த ரிட்டர்ன் குழாயையும் கீழே இறக்கினேன்.

அப்புறம், ரிலீஃப் வால்வை முறுக்கி பிரஷரைக் கூட்டினால் லோடர் தூக்கும் வேகம் கூடும் என்று சிலர் சொன்னீர்கள். பிரஷர் தருவது பலம். வேகம் எண்ணெய் ஓட்டத்தின் அளவைப் பொறுத்தது. இந்த வயசான இரும்பை நம்பி ரிலீஃப் வால்வை மேலும் முறுக்க மனசு வரவில்லை.