ஜங்ஷனிலிருந்து பாளையங்கோட்டைக்குப் பத்து நிமிடமா? யாரிடம் கதை விடுகிறீர்கள்!

மகராசநகர் மதினி (காலை 6.50)

நேற்று 'பெட்டிக்காரன்' என்கிற அண்ணாச்சி இங்கே அளந்துவிட்டுப் போனதைப் படித்ததிலிருந்து எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. படிக்காதவர்களுக்கு அதன் சாரம்: வேலை வேலை என்று வெளியூர் அலைகிறவனால் வீட்டையும் சொந்தபந்தத்தையும் கவனிக்க முடியாது என்பது சோம்பேறிப் பேச்சாம். அவர் வாரத்தில் பாதி சென்னையில்தான். மத்தியானம் எழும்பூரில் வந்தே பாரத் ஏறி ராத்திரி 10.40க்குத் திருநெல்வேலி ஜங்ஷனில் இறங்குவாராம். "பத்தே நிமிடத்தில் பாளையங்கோட்டை வீட்டில் சோத்துத் தட்டுக்கு முன்னால் இருப்பேன்." விடிந்ததும் மோட்டார் போட்டு, சிலிண்டருக்குச் சொல்லி, மாமனார் வீட்டில் தலையைக் காட்டி, சாயங்காலம் கோயில் கொடையோ கல்யாணமோ அதையும் பார்த்துவிட்டு மறுபடி ரயில். எல்லாம் திட்டமிடுவதில் இருக்கிறதாம்.

மற்றதை விடுங்கள். ஜங்ஷனிலிருந்து பாளைக்குப் பத்து நிமிடமா? என் வீட்டுக்காரரும் அதே ரயிலில்தான் வருகிறார். இறங்கி, கூட்டத்தோடு படியேறி, வெளியே வந்து, பர்ஸுக்குள் மடங்கிக் கிடக்கும் வண்டி ஸ்டாண்டு டோக்கனைத் தேடி எடுத்து, அவருடைய வண்டியை மறித்து நிற்கிற வண்டிகளை ஒவ்வொன்றாகப் பின்னால் இழுத்துவிட்டு, சீட்டில் காக்கா போட்ட எச்சத்தைப் பழைய டிக்கெட்டால் வழித்து, நாலு நாளாகக் கிடந்த வண்டியை உதைத்து உதைத்துக் கிளப்ப வேண்டும். இதற்கே பத்து நிமிடம் போய்விடும். தாமிரபரணிப் பாலத்துக்கு இன்னும் வந்தே சேரவில்லை.

பெட்டிக்காரன் (காலை 7.25)

மதினிக்கு வணக்கம். என் பதிவில் எழுதிய அத்தனையையும் விட்டுவிட்டுப் பத்து நிமிடத்தைப் பிடித்துக்கொண்டீர்களே, அதிலேயே தெரிகிறது மற்றதற்கு உங்களிடம் பதில் இல்லை என்று.

நான் சொன்னது ராத்திரி 10.40. அந்த நேரத்தில் சுலோச்சன முதலியார் பாலத்தில் நாய்கூடக் குறுக்கே வராது. நாலஞ்சு கிலோமீட்டர்தான். நான் ஒரே ஒரு தோள்பையோடு போகிறவன். ரயில் நிற்பதற்கு முன்பே வாசலில் நிற்பேன். உங்கள் வீட்டுக்காரர் வந்து சேர அதிக நேரம் ஆகிறது என்றால் அதற்கு நான் என்ன செய்ய? வேறு காரணம் இருக்கலாம், விசாரித்துப் பாருங்கள்.

மகராசநகர் மதினி (காலை 7.31)

என் வீட்டுக்காரரை இழுக்காதீர்கள். அவர் ஜங்ஷனில் நின்று ஒரு டீ குடிப்பார், அவ்வளவுதான். அது எனக்குத் தெரியும், அந்த டீக்கடைக்காரருக்கும் தெரியும்.

பத்து நிமிடம் என்று எழுதியது நீங்கள். 10.50க்குத் தட்டு முன்னால் என்று எழுதியதும் நீங்கள். கை கால் கழுவ வேண்டாமா? அல்லது அதுவும் ரயிலிலேயே முடிந்துவிடுமா? வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போதே யாரோ ஒருத்தி சோற்றைப் பிசைந்து உருட்டி வைத்திருக்கிறாள் போல. அந்த ஒருத்தி மட்டும் உங்கள் பதிவில் எங்கேயும் வரவில்லை, அண்ணாச்சி.

ஓய்வு பெற்ற விசில் (காலை 8.10)

வாழ்நாளில் பாதியை ஜங்ஷன் - பாளை டவுன் பஸ்ஸின் பின்படியில் நின்று கழித்தவன் பேசுகிறேன். ஜங்ஷன், கொக்கிரகுளம், வண்ணார்பேட்டை, முருகன்குறிச்சி, பாளை பஸ் ஸ்டாண்டு. கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன் எங்கே பள்ளம், எங்கே மேடு என்று. கலெக்டர் ஆபீசுக்கு மனு கொடுக்கக் கூட்டம் வரும் திங்கட்கிழமை கொக்கிரகுளம் தாண்டுவதற்குள் எனக்கு டிக்கெட் எல்லாம் போட்டு முடிந்து, டிக்கெட் கணக்குச் சீட்டான இன்வாய்ஸும் எழுதி முடிந்துவிடும்.

பத்து நிமிடம் என்று எந்த டிரைவரும் சொல்லி நான் கேட்டதில்லை. 1843இல் தன் கைக்காசைப் போட்டு அந்தப் பாலத்தைக் கட்டின சுலோச்சன முதலியார் குதிரை வண்டியில் போயிருந்தாலும் இதைவிட யோக்கியமாக நேரம் சொல்லியிருப்பார்.

பெட்டிக்காரன் (காலை 8.22)

விசில் அண்ணாச்சி, பஸ் நேரத்தை யார் கேட்டார்கள்? நான் மோட்டார் சைக்கிள். ராத்திரி. நீங்கள் சொல்வது பகல், திங்கட்கிழமை, மனு நாள். பேசுகிற விஷயமே வேறு. அந்தப் பழைய பாலத்துக்குப் பக்கத்திலேயே புதுப் பாலமும் போட்டாயிற்று, அது தெரியுமா?

ஓய்வு பெற்ற விசில் (காலை 8.26)

தெரியும்வே. புதுப் பாலம் போட்டால் ஆறு சுருங்கிவிடுமா?

கீழரதவீதி (காலை 9.05)

பாளையங்கோட்டைக்காரர்கள் காலையிலேயே ஆரம்பித்துவிட்டீர்களா. திருநெல்வேலி என்றால் டவுன். நெல்லையப்பர் கோயிலைச் சுற்றி நாலு ரதவீதி, அதுதான் ஊர். மற்றதெல்லாம் பிறகு வந்து ஒட்டிக்கொண்டது. ஜங்ஷனிலிருந்து ஈரடுக்குப் பாலம் ஏறி இறங்கினால் நாங்கள் வீட்டில். நீங்கள்தான் ஆற்றைத் தாண்டிப் போய் வீடு கட்டிக்கொண்டு நேரக் கணக்குப் பார்க்கிறீர்கள்.

மகராசநகர் மதினி (காலை 9.14)

வந்துட்டாவ டவுன்காரவுக. ஆனித் தேரோட்டத்தன்று உங்கள் வீட்டிலிருந்து ஜங்ஷனுக்கு வர எத்தனை நிமிடம் என்று சொல்லுங்கள் பார்ப்போம். போன ஆனியில் நான் ஒரு சடங்கு வீட்டுக்கு வந்து, வாகையடி முக்கில் புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றது எனக்குத்தான் தெரியும். எங்களுக்குக் கல்லூரி, பள்ளிக்கூடம் எல்லாம் இருக்கிறது, தென்னிந்தியாவின் ஆக்ஸ்ஃபோர்டு என்று பேரும் இருக்கிறது. உங்களுக்கு அல்வா வரிசை இருக்கிறது.

ஆனால் நான் விடமாட்டேன். பத்து நிமிடம். பெட்டிக்காரன் பதில் சொல்லட்டும். வீடு எங்கே? மார்க்கெட் பக்கமா, சமாதானபுரமா, கே.டி.சி. நகரா?

பெட்டிக்காரன் (காலை 9.40)

வீட்டு முகவரியைப் பொதுவில் போட எனக்கென்ன பைத்தியமா? பாளையங்கோட்டை என்றால் பாளையங்கோட்டை.

துபாய் நெல்லையான் (காலை 10.15)

ஊர்ப் பேச்சைப் படிக்கவே சந்தோசமாக இருக்கிறது. நான் படிக்கிற காலத்தில் ஜங்ஷனிலிருந்து பாளைக்குச் சைக்கிளிலேயே பத்து நிமிடத்தில் போவேன். அதனால் பெட்டிக்காரன் சொல்வது சரிதான்.

ஓய்வு பெற்ற விசில் (காலை 10.19)

அந்தச் சைக்கிளை இன்னும் வைத்திருக்கிறீரா வே? வந்தே பாரத்துக்குப் பதிலாக அதையே விட்டுவிடலாம், டிக்கெட் காசாவது குறையும்.

தென்காசிச் சாரல் (காலை 10.48)

ஒரு நிமிடம். பெட்டிக்காரன் சொன்னதில் கேட்க வேண்டியது பத்து நிமிடம் அல்ல. அவர் வீட்டில் இல்லாத நாட்களில் வீடு எப்படி ஓடுகிறது என்பதை யாரும் கேட்கவில்லையே. என் வீட்டுக்காரர் சாயங்காலம் பொதிகை எக்ஸ்பிரஸில் சென்னைக்கு ஏறிவிட்டால் இங்கே எல்லாம் நான்தான். ஆனி பிறந்து சாரல் விழுந்ததும் குற்றாலத்தில் குளிக்க வருகிற சொந்தக்காரர்களுக்கு எங்கள் வீடுதான் சத்திரம். "ரெண்டு நாள்தான், மதினி" என்று ஈரத்துணி மூட்டையோடு வருவார்கள். வெயிலே அடிக்காத ஊரில் அந்தத் துணி எங்கே காயும்? ஹாலில் ஃபேனுக்குக் கீழே கயிறு கட்டி, குனிந்து குனிந்து நடந்துகொண்டிருப்போம். இன்வெர்ட்டர் கூவ ஆரம்பிக்கும்போது போன் போட்டால் "மீட்டிங்கில் இருக்கிறேன்" என்பார். இதற்கு என்ன திட்டமிடுதல் என்று அவரிடம் கேளுங்கள்.

கீழரதவீதி (காலை 10.55)

நீங்கள் தென்காசி. 2019 நவம்பரிலேயே தனி மாவட்டமாகப் போயாச்சு. எங்கள் ஊர் ரோட்டு விஷயத்தில் உங்களுக்கு என்ன?

தென்காசிச் சாரல் (காலை 11.02)

மாவட்டம் பிரிந்தால் சொந்தம் பிரிந்துவிடுமா? சீசனுக்கு வருகிறவர்களில் முக்கால்வாசி டவுன்காரர்கள்தான். ரதவீதியிலிருந்து வந்தவர் ஒருவர் போன சீசனில் என் வீட்டுக் குளியலறைக் குழாயைத் திருகித் திருகிக் கையோடு கழற்றிக் கொடுத்துவிட்டுப் போனார். நீங்கள்தானோ என்னவோ.

மகராசநகர் மதினி (காலை 11.20)

சாரல், நீங்கள் சொல்வது நியாயம். ஆனால் முதலில் அந்தப் பத்து நிமிடத்தை முடிப்போம். அதில் பொய் சொல்கிறவர் மற்றதில் மட்டும் மெய்யா சொல்லப்போகிறார்?

என் கதையையும் கேளுங்கள். போன பங்குனி உத்திரம். சாஸ்தா கோயிலுக்குப் போக இவருடைய சித்தப்பா குடும்பம், தூத்துக்குடி அத்தான் குடும்பம், பிள்ளைகுட்டிகள் எல்லாரும் முந்தின நாளே வீட்டில் வந்து இறங்கிவிட்டார்கள். இவர் சென்னையில். நானும் அலுவலகம் போகிறவள்தான், அரை நாள் லீவு கெஞ்சி வாங்கியிருந்தேன். விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து பச்சைப் பொத்தானை அமுக்குகிறேன், ஸ்டார்ட்டர் பெட்டி 'ம்ம்ம்' என்று உறுமுகிறது, மாடியில் குழாயில் ஒரு சொட்டு விழவில்லை. போன் போட்டேன். தூக்கக் கலக்கத்தில் "திரும்ப அமுக்கிப் பாரு" என்றார். உறுமுகிற மோட்டாரைத் திரும்பத் திரும்ப அமுக்கினால் உள்ளே இருக்கிற காயில் கம்பி கருகிவிடும் என்று பக்கத்து வீட்டுப் பெரியவர் சுவருக்கு அந்தப்புறமிருந்து கத்தினாரோ, பிழைத்தது. கண்டென்சர் போயிருந்தது. ஸ்டார்ட்டர் பெட்டிக்குள் உருளையாக ஒன்று, அடி உப்பிப்போய்க் கருப்பாக ஒழுகிக்கொண்டிருந்தது. கடை திறக்க ஒன்பது மணி ஆகும். அத்தனை பேரும் ஒரு அண்டாத் தண்ணீரில் குளித்தார்கள். அத்தான் மட்டும் "நான் ஆற்றில் குளித்துக்கொள்கிறேன்" என்று துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார், அவர் திரும்பி வருவதற்காக வேன் காத்துக் கிடந்தது.

இவர் மறுநாள் ராத்திரி வந்தார். ரயில் சரியான நேரம். வீட்டுக்கு வந்தபோது 11.20. பத்து நிமிடமாம்!

பெட்டிக்காரன் (மதியம் 12.05)

பார்த்தீர்களா, நான் சொன்னதைத்தான் நீங்களும் சொல்கிறீர்கள். வீட்டில் ஒரு மாற்றுக் கண்டென்சர் வாங்கி வைத்திருந்தால் தீர்ந்தது. நான் வைத்திருக்கிறேன். இதைத்தான் திட்டமிடுதல் என்றேன். 11.20 என்பது டீயும் சேர்த்து.

மகராசநகர் மதினி (மதியம் 12.09)

வாங்கி வைப்பீர்கள். விடியற்காலை நாலு மணிக்குப் பெட்டியைத் திறந்து அதை மாட்டுவது யார்? நீங்கள் எழும்பூரிலிருந்து கையை நீட்டுவீர்களோ?

2023 டிசம்பர் 17, 18 நினைவிருக்கிறதா? காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டி, செந்தூர் எக்ஸ்பிரஸ் ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுபோய், ஜங்ஷன் பக்கம் முழுக்கத் தண்ணீரில் கிடந்ததே. அப்போது எத்தனை நிமிடம், அண்ணாச்சி? நீங்கள் அப்போது எந்த ஊரில் இருந்தீர்கள்?

பெட்டிக்காரன் (மதியம் 12.15)

வெள்ளத்தை எல்லாம் இழுத்தால் எப்படி? நான் சாதாரண நாளைச் சொன்னேன்.

ஓய்வு பெற்ற விசில் (மதியம் 12.18)

எந்த ஊரில் இருந்தீர் என்று கேட்டதற்குப் பதில் வரவில்லை.

துபாய் நெல்லையான் (மதியம் 12.40)

சண்டை போடாதீர்கள் மக்களே. இந்த வெள்ளிக்கிழமை இங்கே சொதி வைக்கப்போகிறோம். மறுவீட்டுச் சொதியை நினைத்தாலே ஊர் ஞாபகம். பூண்டைத் தாராளமாகத் தட்டிப் போட்டால் மணமே தனி.

கீழரதவீதி (மதியம் 12.44)

சொதிக்குப் பூண்டா? எந்த ஊர் மறுவீடு அது? பாசிப்பருப்பு, காய்கறி, மூன்று தேங்காய்ப்பால், இஞ்சி, மிளகாய், கடைசியில் எலுமிச்சை. அவ்வளவுதான்.

மகராசநகர் மதினி (மதியம் 12.50)

பூண்டு போடுகிற வீடும் உண்டு. எங்கள் வீட்டில் போடுவோம். அதைச் சொல்ல டவுனுக்கு உரிமை கிடையாது. எலுமிச்சையை அடுப்பில் இருக்கும்போதே பிழிந்து பால் திரிந்த சொதியை உங்கள் தெருக் கல்யாணம் ஒன்றில்தான் சாப்பிட்டேன்.

கீழரதவீதி (மதியம் 12.53)

எந்தக் கல்யாணம்? எங்கள் தெருவில் அப்படி நடக்கவே நடக்காது. யார் வீடு என்று சொல்லுங்கள்.

மகராசநகர் மதினி (மதியம் 12.54)

பெயர் சொல்லமாட்டேன். சொன்னால் உங்கள் தலை குனிந்துவிடும்.

தென்காசிச் சாரல் (மதியம் 1.10)

நான் கேட்டதற்கு யாராவது பதில் சொல்லப்போகிறீர்களா, இல்லையா?

பெட்டிக்காரன் (மதியம் 1.22)

இன்று ராத்திரி வருகிறேன். ஜங்ஷன் கடிகாரத்தையும் என் வீட்டுக் கடிகாரத்தையும் படம் எடுத்துப் போடுகிறேன். அப்போதாவது வாயை மூடுவீர்களா?

மகராசநகர் மதினி (மதியம் 1.23)

வீட்டுக் கடிகாரத்தை முந்தின நாளே திருப்பி வைத்துவிட்டுப் போயிருக்க மாட்டீர்கள் என்று என்ன நிச்சயம்?

கீழரதவீதி (மதியம் 1.30)

அந்தக் கல்யாணம் யார் வீட்டுக் கல்யாணம் என்று கேட்டேன்.

ஓய்வு பெற்ற விசில் (மதியம் 1.34)

பூண்டு போடாத சொதி ஒரு சொதியா வே?