புதுப்பிப்பு: சக்கர நாற்காலி வாடகைத் திட்டம், முன்பணம் கேட்டுப் பார்த்தேன்

பழைய சக்கர நாற்காலிகளைச் சரிசெய்து குறைந்த வாடகைக்கு விடலாமா என்று மூன்று மாதத்துக்கு முன் கேட்டிருந்தேன். விசாரித்த 40 பேரில் 34 பேர் "கட்டாயம் எடுப்போம்" என்றதாகவும் பெருமையாக எழுதியிருந்தேன். "முதலில் முன்பணம் கேட்டுப் பாருங்கள்" என்றீர்கள். கொஞ்சம் கோபம் வந்தது. ஆனாலும் கேட்டேன்.

கொடுத்தவர்கள் 5 பேர்.

மற்றவர்கள் பொய் சொல்லவில்லை. நல்ல காரியம் என்று வந்து நிற்பவனிடம் முகத்துக்கு நேரே வேண்டாம் என்று சொல்ல யாருக்கு மனம் வரும்? கென்யாவில் கொசுவலைக்குச் சிறு விலை வைத்ததுமே வாங்குவோர் 60 சதவீதப் புள்ளி குறைந்ததாக 2010-ல் வெளியான ஆய்வு சொல்கிறது. அதைப் படித்தபின் கொஞ்சம் ஆறுதல்.

அப்புறம் கேள்வியை மாற்றினேன்: "இப்போது எப்படிச் சமாளிக்கிறீர்கள்?" ஒரு பெரியவர் தன் நாற்காலியைக் காட்டினார். முன்சக்கரத்தில் சைக்கிள் ட்யூபை வெட்டி இறுக்கிச் சுற்றியிருந்தார். "இது ஓடுதே தம்பி. பழுது பாக்கத்தான் ஆள் கிடைக்கல." எனக்குப் போட்டி அந்த ட்யூப்தான்!

ஆகவே வாடகை இப்போதைக்கு ஓரமாக இருக்கட்டும். வீட்டுக்கே போய்ப் பழுது பார்ப்பதைச் சோதிக்கிறேன். இன்னொன்று, பல வீடுகளில் நாற்காலியில் உட்காருபவர் ஒருவர், பணம் கொடுப்பவர் வெளியூரில் இருக்கும் மகனோ மகளோ. அவர்களில் ஒருவரிடம்கூட நான் பேசியிருக்கவில்லை. இந்த வாரம் அவர்களுக்குத்தான் போன்.