தனிவேர்ப் புற்று: என் முன்மொழிவு

நண்பர்களுக்கு வணக்கம்.

நுரையீரல் புற்றிலிருந்து தேறியவருக்குச் சில ஆண்டு கழித்து அங்கேயே புதிதாகத் தோன்றும் புற்றுக்கு 'இரண்டாம் முதன்மைப் புற்று' என்று நம் தமிழ் மருத்துவச் சொற்பட்டியலில் போட்டிருக்கிறோம். எனக்கு உடன்பாடில்லை. மன்னார்குடிப் பக்கம் இதைச் சொன்னால், "அப்ப அப்பாவுக்கு ரெண்டாவது ஸ்டேஜா சார்?" என்றுதான் கேட்பார்கள். போதாததற்கு, உடலில் வேறிடத்துக்குப் பரவியதை டாக்டர்கள் 'செகண்டரீஸ்' என்கிறார்கள். அது காதில் விழுந்தாலே வீட்டில் கைவிட்டுவிடுவார்கள். இதுவோ பரவியதல்ல, சிறிதாக இருக்கையில் கண்டுபிடித்தால் குணமாக்க வாய்ப்புள்ள தனி நோய். அறுவை செய்து தேறியவர்களில் ஆண்டுக்கு நூற்றுக்கு ஒன்றிரண்டு பேருக்கு வருகிறது.

பழையதா புதியதா என்று பிரிக்க 1975இல் மார்ட்டினி, மெலமெட் என்ற மருத்துவர்கள் வகுத்த விதிகள் இன்றும் பேசப்படுகின்றன. திசு வகை வேறானால் புதியது. ஒரே வகையானாலும் இடைவெளி 2 ஆண்டாவது இருந்தால் புதியதாகக் கொள்ளலாம். நம் வயலில் அறுத்த தாளிலேயே துளிர்ப்பது மறுதாம்பு. அதன் பக்கத்தில் சிந்திய நெல் முளைத்தால் அதற்கு வேர் வேறு. ஆகவே திரும்பி வருவது 'மறுதுளிர்ப்பு', புதியது 'தனிவேர்ப் புற்று'. மூன்றாவது வந்தாலும் பெயர் மாறாது. 'தனிமுளை' அழகுதான், ஆனால் தட்டச்சில் ஒரு சுழி மாறினால் மூளைப் புற்றாகிவிடும். ரிப்போர்ட்டில் அந்த வம்பு வேண்டாம்.

அடுத்தது கதிர்சிகிச்சை. ஊரில் எல்லாமே 'கரண்ட் வைக்கிறது'. ஆறு வாரம், 30 தவணையில் 60 கிரே (கதிரளவின் அலகு) கொடுப்பதும் கரண்ட். 54 கிரேயை 3 தவணையில் சிறு கட்டியின்மீது குவிப்பதும் கரண்ட். நுரையீரலில் ஒரு மடலை ஏற்கெனவே அறுத்து எடுத்துவிட்டவருக்கு மறுபடி கத்தி வைக்க மூச்சு இடங்கொடாதபோது இந்த இரண்டாவதுதான் கைகொடுக்கும். இதற்குக் 'குவிகதிர்' போதும். முன்பே நெஞ்சில் கதிர் வாங்கியவரானால் பழைய அளவையும் கணக்கில் சேர்க்க வேண்டும். கும்பகோணத்திலிருந்து தஞ்சாவூருக்கோ திருச்சிக்கோ போகிறவர் பழைய சிகிச்சைத் திட்டத்தின் நகலைப் பையில் வைத்துக்கொள்ளட்டும்.

கண்காணிப்பு ஸ்கேன் என்ற சொல் இருக்கட்டும். முதல் இரண்டு மூன்று ஆண்டு ஆறு மாதத்துக்கொருமுறை, பிறகு ஆண்டுக்கொருமுறை குறைந்த கதிரளவு சி.டி. என்பது பொதுவான வழக்கம். ஆனால் குவிகதிர் பட்ட இடம் தடித்து, வெளுத்து, படத்தில் கட்டி போலவே நிற்கும். அதற்குக் 'கதிர்த்தழும்பு' என்கிறேன். 'கதிர்வடு' என்றால் மாவடு நினைவுக்கு வருகிறது என்று வீட்டில் சிரிக்கிறார்கள். வேறு சொல் இருந்தால் அனுப்புங்கள்.