வாடல் நோய்க்கு நானோ துகள்: உருளைக்கிழங்கு வயலுக்குக் கொண்டுவரலாமா?

வேர்க்கால்:
இலை பச்சையாக இருக்கும்போதே செடி தலை சாய்கிறது. கிழங்கை வெட்டினால் உள்ளே வளையம் பழுப்பேறி வெண்சீழ் கசிகிறது. இந்த வாடலை உண்டாக்கும் ரால்ஸ்டோனியா பாக்டீரியா புகுந்த வயலுக்கு நம்மிடம் என்ன மருந்து இருக்கிறது? தாமிரம் இலையோடு நின்றுவிடும். ஸ்ட்ரெப்டோமைசின் என்ற நுண்ணுயிர்க்கொல்லிக்கு பாக்டீரியா பழகிவிடும். துத்தநாக ஆக்சைடு, வெள்ளி நானோ துகள்கள், அதாவது கண்ணுக்குத் தெரியாத மிக நுண்ணிய துகள்கள், பாக்டீரியாவின் செல் சவ்வைச் சிதைக்கும், அயனிகளை வெளிவிடும், வினைத்திறன் மிக்க ஆக்சிஜனாலும் தாக்கும். பல வழியில் அடி விழுவதால் எதிர்ப்புத்திறன் வளர்வது கடினம். வயலுக்குக் கொண்டுவர இன்னும் ஏன் தயங்க வேண்டும்?

ஈரமண்:
ஆய்வகத் தட்டில் சாவது வேறு, மண்ணில் சாவது வேறு. வெள்ளி அயனி குளோரைடு, சல்பைடோடு சேர்ந்தால் பெரும்பாலும் முடங்கிவிடும். முடங்காமல் மிஞ்சுவது தழைச்சத்தை மாற்றித்தரும் நல்ல பாக்டீரியாவையும் பதம் பார்க்கும். அதைவிட முக்கியமானது, ரால்ஸ்டோனியா இருக்கும் இடம். அது செடிக்குள் நீரை ஏற்றும் சைலம் குழாய்க்குள் பசை சுரந்து நீரோட்டத்தையே அடைக்கிறது. மேலே தெளித்த துகள் அங்கே போதிய அளவு எப்படிப் போய்ச் சேரும்?

வேர்க்கால்:
வெள்ளியின் குறைக்காக மொத்தத்தையும் தள்ளாதீர்கள். கைட்டோசான் நண்டு, இறால் ஓட்டிலிருந்து வருவது, மண்ணில் மட்கிவிடும், செடியின் எதிர்ப்பாற்றலையும் தூண்டும். துத்தநாகம் செடிக்கு நுண்ணூட்டம்.

ஈரமண்:
அளவு மீறினால் அதே துத்தநாகம் நஞ்சு. உலோகம் மட்காது, பருவத்துக்குப் பருவம் மண்ணில் சேர்ந்துகொண்டே போகும். கைட்டோசான் பற்றி எனக்கு ஆட்சேபம் இல்லை.

கிழங்குக்கிடங்கு:
இருவரும் வாடலைப் பற்றியே பேசுகிறீர்கள். கிடங்கில் மென்னழுகலை உண்டாக்கும் பெக்டோபாக்டீரியம் தோலின் துளைகளிலும் காயங்களிலும் இருக்கிறது. அங்கே மேல்பூச்சு அதை நேரடியாகத் தொடும். விதைக்கிழங்குக்கு மட்டும் பூசினால் சாப்பிடும் கிழங்கில் எச்சம் என்ற கவலையும் பெரிதாக இராது.

ஈரமண்:
மென்னழுகலுக்குச் சரி, கிழங்கு காய்ந்து காற்றோட்டமாக இருந்தால். வாடலுக்கு அது உதவாது. குளிர்ச்சியான இடத்தில் விளைந்த கிழங்கு அறிகுறியே காட்டாமல் உள்ளே நோயைச் சுமக்கும், தோலில் பூசியது அதைத் தொடாது. பரிசோதித்த விதையும், தானியப் பயிர்சுழற்சியும்தான் முதலில்.

வேர்க்கால்:
பரிசோதித்த விதை கிடைக்காதவர், ஒரே ஒரு துண்டு நிலம் வைத்திருப்பவர் என்ன செய்வார்? சில வருடம் உருளையே போடாதே என்று அவரிடம் எந்த முகத்தோடு சொல்வது? கைட்டோசானை வேர்ப்பகுதியில் ஊற்றி, நோய் கண்ட வயலிலேயே சோதிக்க வேண்டும் என்கிறேன்.

ஈரமண்:
சோதியுங்கள், நானும் கேட்பது அதைத்தான். ஆனால் எத்தனை செடி வாடவில்லை என்பதோடு கணக்கை முடிக்காதீர்கள். அறுவடைக் கிழங்கையும் பரிசோதித்துப் பாருங்கள். வாட்டம் மறைந்து பாக்டீரியா மிஞ்சினால், அந்தக் கிழங்கு நல்ல விதை என்ற பெயரில் அடுத்தவர் வயலுக்குப் போய்விடும்.