கெட்டிக்காரனோட விளையாடின அனுபவம் இருக்கிறவை சொல்லுங்கோ

நல்லூரான்:
ஒரு திறமான ஆட்டக்காரன் வந்தா மற்றப் பெடியளும் திறமாவினமோ? எனக்கு நடந்தது எதிர்மாறு. 17 வயதுக்குக் கீழ கூடைப்பந்து விளையாடேக்க எங்களிட்ட ஒருத்தன் இருந்தான். எங்க நிண்டு எறிஞ்சாலும் விழும். நாங்கள் நாலு பேரும் அவனிட்டப் பந்தைக் குடுத்திட்டு விடுப்புப் பாப்பம். வெண்டுகொண்டுதான் இருந்தம். ஒருநாள் அவனுக்குக் கணுக்கால் பிரண்டிட்டுது. ரிங்குக்குக் கீழ தனிய நிண்ட எனக்குப் பந்து வருது, என்ன செய்யிறதெண்டே தெரியேல்லை. திருப்பி எறிஞ்சுபோட்டன்!

மானிப்பாய்க்காரி:
நான் வலைப்பந்து. இலங்கை ரீமில கூடைக்குப் போட்ட நெட்டைப் பிள்ளை, புன்னாலைக்கட்டுவன் தர்ஜினி சிவலிங்கத்துக்கு உயரத் தூக்கிப் போட்டாக் காணும் எண்டு சனம் லேசாச் சொல்லும். பந்தை 3 செக்கனுக்கு மேல வைச்சிருக்கேலாது, பந்தோட ஓடவும் ஏலாது. அதுக்குள்ள அவவின்ர கைக்கு மட்டும் எட்டுற மாதிரி இறக்கோணும். 2018இல சிங்கப்பூரில இலங்கை ஆசியச் சம்பியனானதில அப்பிடிப் பாஸ் குடுத்த பிள்ளையளுக்கும் பங்கிருக்கு. எங்கட ரீமுக்கும் ஒரு நெட்டைப் பிள்ளை வந்தா. ஒரு தவணை முழுக்க நான் உயரப் பாஸ் மட்டும்தான் பழகினன். தோள்மூட்டு நோ இண்டைக்கும் இருக்கு.

நல்லூரான்:
அக்கா, உங்கட விளையாட்டில கூடைக்குப் போடுறது ரெண்டு பேர்தானே. எங்களில அஞ்சு பேரும் போடலாம். போடாமல் விட்டா கை மறந்துபோகும்.

பழைய கோச்:
தம்பி சொல்லுறது சரி. அமெரிக்கக் கூடைப்பந்துக்காரர் மைக்கேல் ஜோர்டன் 1986-87இல ஆட்டத்துக்கு 37.1 புள்ளி சராசரி எடுத்தார். எண்டாலும் அவற்ற ரீம் சிக்காகோ முதல் சுற்றோட வீட்ட போச்சு. முதல் கிண்ணம் 1991இலதான். 1997 இறுதியில, 6ஆவது ஆட்டம் சமநிலை, கடைசிச் செக்கன்கள். ரெண்டு பேர் மறிக்க, ஜோர்டன் தன்ர ரீமில இருந்த ஸ்டீவ் கேருக்குக் குடுத்தார். கேர் போட்டார், கிண்ணம் வந்திது.

நான் பழக்கேக்க எங்கட கெட்டிக்காரனுக்கு ஒரு சட்டம் போட்டன்: மூண்டு பாஸ் போனாப் பிறகுதான் நீ எறியலாம். ரெண்டு கிழமை முகத்தை நீட்டிக்கொண்டு திரிஞ்சான். ஒரு பின்னேரம் மூலையில நிக்கிற பெடியன், ஒருநாளும் வாய் திறக்காதவன், "அண்ணை, எனக்குத் தா!" எண்டு கத்தினான்.

நல்லூரான்:
விழுந்ததோ?

பழைய கோச்:
எங்க! ரிங்கில பட்டு மதிலுக்கு அங்கால போச்சு. கெட்டிக்காரன்தான் ஏறிக் குதிச்சு எடுத்துக்கொண்டு வந்தவன். வந்து திரும்பவும் அவனிட்டயே குடுத்தான்.