பர்மாவில் இறந்த பெரிய தாத்தாவைத் தேடியபோது

தாத்தாவுக்கு ஒரு அண்ணன் இருந்தார், இரண்டாம் உலகப் போரின் பர்மா சண்டையில் போய்விட்டார். வீட்டில் எல்லோருக்கும் தெரிந்தது இவ்வளவுதான். கையில் மிஞ்சியது ஒரு மெடல், ஆறு முனை கொண்ட பர்மா ஸ்டார். பிரிட்டிஷ் சிப்பாய்களுக்கு இதைப் பெயர் பொறிக்காமலே கொடுத்தார்கள். இந்தியப் படையினருக்குக் கொடுத்ததில் பின்பக்கம் எண்ணும் பெயரும் இருக்கும். அதனால் வீட்டில் பழைய மெடல் இருந்தால் முதலில் திருப்பிப் பாருங்கள். எங்களுடையதில் எண், 'எஸ்.பி.ஆர்.', பெயர், 'ஐ.இ.' என்று இருந்தது. சாப்பர், இந்தியன் இன்ஜினியர்ஸ். சாப்பர் என்றால் பாலம் கட்டுவது, வெடி வைப்பது போன்ற வேலைகளைச் செய்யும் பொறியியல் படைச் சிப்பாய். சேலத்துப் பக்கத்து ஆள் என்றால் பெங்களூரு அல்சூர் ஏரிப் பக்கம் இருக்கும் மெட்ராஸ் சாப்பர்ஸ்தான். 'தம்பிகள்' என்று இன்றைக்கும் அழைக்கப்படுபவர்கள்.

அப்புறம் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையப் பதிவேட்டில் தேடினேன். பெயரைக் கொடுத்தால் ஒன்றும் வரவில்லை. நம் பெயர்களைக் காதில் விழுந்தபடி எழுதிவைத்திருக்கிறார்கள். எண்ணைக் கொடுத்ததும் கிடைத்தார். 1945 பிப்ரவரி, வயது 20. யாங்கூனுக்கு வடக்கே தாவ்க்கியானில், கல்லறை இல்லாத ஏறக்குறைய 27,000 பேரின் பெயர்களைத் தாங்கி நிற்கும் ரங்கூன் நினைவுச்சின்னத்தில் அவர் பெயரும் இருக்கிறது.

அந்த மாதம்தான் 20ஆவது இந்திய டிவிஷன் மியின்மூ அருகே ஐராவதி ஆற்றைக் கடந்தது. சாப்பர்கள்தான் தெப்பம் கட்டி வண்டிகளை அக்கரை சேர்த்தவர்கள். பதிவில் அவருடைய கம்பெனியின், அதாவது படைப் பிரிவின், எண்ணும் இருந்ததால், லண்டன் கியூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்திலிருந்து அதன் போர் நாட்குறிப்பின் நகலை வாங்கினேன். அதிகாரிகளுக்குப் பெயர் உண்டு. அவர் இறந்த நாளில் 'ஒரு ஐ.ஓ.ஆர். பலி' என்று மட்டும் இருந்தது. இந்தியச் சிப்பாய் ஒருவர் என்று பொருள். அதைப் படித்தபோது ரொம்ப வலித்தது.

ஆனால் பெரிய விஷயம் ஆணையத்தின் பதிவிலேயே இருந்தது. அப்பா பெயர், ஊர், கூடவே 'இன்னாரின் கணவர்' என்று ஒரு பெண்ணின் பெயர். அவருக்குக் கல்யாணம் ஆனதே எங்களுக்குத் தெரியாது. தொண்ணூறை நெருங்கும் அத்தைப் பாட்டியிடம் கேட்டேன். "ஆமா, லீவுல வந்தப்ப கட்டிவெச்சாங்க. தந்தி வந்தப்புறம் அந்தப் புள்ளைய அவங்க அண்ணன் வந்து கூட்டிட்டுப் போயிட்டாரு" என்றார்.

அந்த அம்மாவின் ஊரைத் தேடிப் போனோம். மறுமணம் செய்து, பேரன் பேத்தி எடுத்து வாழ்ந்திருக்கிறார். முதல் கணவரைப் பற்றி அவர் எதையும் மறைக்கவில்லை என்று அவர் மகன் சொன்னார். கிணறு வெட்டும் வேலைக்குப் போய்ப் பாறைக்கு வெடி வைக்கக் கற்றவராம், அதனால்தான் சாப்பரில் எடுத்தார்களாம். எங்கள் வீட்டில் ஒருவருக்கும் தெரியாத சேதி இது! சிப்பாயைத் தேடுபவர்கள் மனைவி வழியையும் விடாமல் விசாரிக்க வேண்டும். புகுந்த வீடு மறந்ததை அந்த வீடு வைத்திருக்கிறது.

பதிவில் ஊர்ப் பெயர் பிழையாக இருக்கிறது. மெடலின் படத்தையும் பழைய பத்திரத்தையும் இணைத்துத் திருத்தம் கேட்டு ஆணையத்துக்கு எழுதியிருக்கிறேன். உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு மெடல் இருந்தால் சொல்லுங்கள், அந்த எழுத்துகளைப் படிக்க உதவுகிறேன்.